ஆஸ்பத்திரி பெஞ்சில் டெலிவரியான மழைக்கோட்டு

எங்கள் பகுதியில் எஸ்டேட் ஆட்களை எந்த வண்டியும் இடிப்பதில்லை. எல்லோரும் விழுகிறார்கள். ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகப் பதினோரு வருடம் விபத்துச் செய்தி சேகரித்தவன் என்பதால் இதை என்னால் சொல்ல முடிகிறது. சுற்றுலா வந்தவர்கள் என்றால் கார் கவிழும், பஸ் உரசும், பைக் பள்ளத்தில் பாயும். தேயிலைத் தொழிலாளி என்றால் படியில் வழுக்கி விழுந்திருப்பார், ஓடையில் கால் தவறி விழுந்திருப்பார், குளிக்கும்போது விழுந்திருப்பார். மருத்துவமனை அவசரப் பிரிவின் மேசையில் ஒரு தடித்த பதிவேடு உண்டு. அதில் எப்படி நேர்ந்தது என்று எழுதும் கட்டத்தில், பக்கம் பக்கமாக அந்த ஒரே சொல்தான்.

காரணம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். எஸ்டேட்டுக்குள் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். இடிக்கிற வண்டியை ஓட்டுபவர் அநேகமாக அடுத்த லயத்துக்காரராக இருப்பார். வண்டி இடித்தது என்று சொன்னால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் அனுப்பும். விழுந்தது என்று சொன்னால் அனுப்பாது. அதன்பின் ஊருக்குள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம். ஒத்துதீர்ப்பு என்று மலையாளத்திலேயே அதைச் சொல்வோம். இதை வைத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்து, எழுதாமல் விட்டேன். பிறகு அந்தப் பதிவேட்டில் நானே ஒரு வரி சேர்த்தேன்.

என் அக்கா சூரியநெல்லிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்தெடுப்பவள். வயது ஐம்பத்தாறு. மாமா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் கல்யாணமாகி, மலைக்குக் கீழே போடியில் இருக்கிறாள். இரண்டாம் டிவிஷன் லயத்தில், கடைசி வீட்டில் அக்கா தனியாக இருக்கிறாள். நான் கீழே சூரியநெல்லிக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். பைக்கில் இருபது நிமிடம்.

லயங்களுக்குக் கூரியர் வீடு தேடி வராது. வீட்டுக்கு எண் உண்டு, தெருவுக்குப் பெயர் இல்லை. முகவரி கேட்டால் 'ரெண்டாம் டிவிஷன், மஸ்டர் பக்கம்' என்று போடுவார்கள். காலையில் தொழிலாளிகளைக் கூட்டிப் பேர் போட்டு வேலைக்கு அனுப்பும் இடம்தான் மஸ்டர். ஒரு மைதானம், ஒரு கொழுந்து நிறுக்கும் கொட்டகை, அதற்கு நான்கு கல்தூண்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் கோயிலிலிருந்து இறங்குகிற நேரத்துக்கு, வாரம் முழுக்கச் சேர்ந்த பார்சல்களோடு ஒரு ஜீப் அங்கே வந்து நிற்கும். மூன்று முறை ஹாரன் அடிக்கும். பத்து நிமிடத்தில் நாற்பது பேர் சூழ்ந்துவிடுவார்கள்.

ஜீப்பை ஓட்டியவர் அதே எஸ்டேட்டின் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். நாற்பத்திரண்டு வயது. அக்காவின் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி வளர்ந்தவர். அவளை அக்கா என்பார், என்னை அண்ணே என்பார். ஜீப் அவருடைய சொந்த ஜீப், வெள்ளை போர்டு. அதாவது வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாதது. கூரியர் கம்பெனியின் கணக்கில் அவர் ஊழியர் அல்ல, பார்ட்னர்.

போன மே மாதம் நடுவில், மழைக்கு முன்னால் வந்துவிடட்டும் என்று, அக்காவுக்கு ஒரு மழைக்கோட்டு ஆர்டர் செய்தேன். முகவரி அவளுடையது, போன் எண் என்னுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அது ஜீப்பில் வந்தது. பார்சல்களை எடுத்துக் கொடுக்கத் தோதாக ஜீப்பைத் திருப்பி நிறுத்த அவர் பின்னால் எடுத்திருக்கிறார். அக்கா கொட்டகைத் தூணில் கையை ஊன்றி நின்றிருக்கிறாள். ஜீப்பின் பின்பக்க இரும்புக்கும் கல்தூணுக்கும் நடுவில் அவளுடைய வலது மணிக்கட்டு.

எனக்குப் போன் வந்தது. "அண்ணே, அக்காவுக்குக் கையில அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டிருக்கேன். நீங்க நேரா அங்கிட்டு வந்துருங்க." அவ்வளவுதான். எதனால் அடி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாற்றிப் போடப்பட்டிருந்தது.

"அண்ணே, ஒரு நிமிசம். நாந்தான் இடிச்சிட்டேன். பாக்கல. கேஸுன்னு ஆச்சுன்னா ஜீப்பப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க. வெள்ளை போர்டுண்ணே. அக்காவுக்குப் பூராம் நான் பாத்துக்கிறேன்."

உள்ளே அக்கா ஸ்டிரெச்சரில் படுத்திருந்தாள். கை ஒரு துண்டில் சுற்றப்பட்டிருந்தது. சேலைத் தலைப்பில் கிரீஸ் கறை.

"அவன விடு தம்பி, பிள்ள குட்டிக்காரன். விழுந்துட்டேன்னு சொல்லிரு."

இளம் டாக்டர் வந்தார். பதிவேட்டைத் திறந்தார். "எந்து பற்றி?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று அர்த்தம். அந்தக் கேள்வியை நான் அந்த அறையில் எத்தனையோ தடவை, சுவரோரம் நோட்டோடு நின்று, கேட்டிருக்கிறேன். அக்கா கூரையைப் பார்த்தாள். ஜீப்காரர் என்னைப் பார்த்தார்.

"வீணதா," என்றேன். விழுந்ததுதான்.

டாக்டர் கிரீஸ் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார். அவர் வேலை சொன்னதை எழுதுவது. என் வேலையும் பல வருடம் அதுதான்.

கட்டுப் போட்டு வெளியே பச்சை பெஞ்சில் உட்கார வைத்திருந்தபோது ஜீப்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும்."

"எதுக்கு?"

"அக்கா பார்சல் வண்டியிலதான் இருக்கு. இன்னிக்குக் குடுக்கலன்னா எம்பேருல தப்புன்னு குறிச்சிருவாங்க."

நான் போனை எடுத்து நான்கு எண்களைப் படித்தேன். அவர் போய்ப் பெட்டியை எடுத்துவந்து அக்காவுக்குப் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்தார், இரண்டடி பின்னால் போய்ப் போனில் படம் எடுத்தார். அக்கா சிரித்தாள். "இதையாச்சும் ஒழுங்கா சேத்தியே," என்றாள். ஜீப்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். முதல் மாதம் ஜீப்காரர் மூன்று தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார், மருந்துச் சீட்டை வாங்கிப்போய் மருந்து வாங்கிவந்தார். இரண்டாம் மாதம் ஒரு தடவை. மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை ஹாரன் மட்டும் கேட்டது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் வீட்டில் ஆயிரம் இருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு அக்காவின் கை மூடியது, திறந்தது. திரும்பவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் தோள்தான் திரும்பியது. இப்போது கொழுந்து விரலால் கிள்ளுவதில்லை, பை வைத்த கத்திரியால் வெட்டுகிறார்கள். அதற்கு இரண்டு மணிக்கட்டும் வேண்டும். அடுப்படியில் நின்று வெறும் கத்திரியை அவள் இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு சாயங்காலம் வாசலிலிருந்து பார்த்தேன். எட்டுத் தடவை எண்ணினேன். ஒன்பதாவது தடவை கத்திரியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ போடத் திரும்பினாள்.

அப்போதிருந்து எனக்கு அறையில் உட்கார முடியவில்லை. கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பேன். பைக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன், ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிடுவேன். "என்னடா, ரோந்து வாரியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

எஸ்டேட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது மூன்றாம் மாதக் கடைசியில். இலகுவான வேலை இப்போதைக்குத் தரப்படும், வருடக் கடைசியில் மருத்துவப் பரிசோதனை, கொழுந்து வேலைக்குத் தகுதி இல்லை என்று வந்தால் வேலை முடிவு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது என்ற கணக்கில், அதற்குள் போடியில் மகள் வீட்டு மாடியில் ஓர் அறை எழுப்பிவிடலாம் என்று அக்கா திட்டம் வைத்திருந்தாள். அறைக்கு இன்னும் அஸ்திவாரக் கம்பிகூட நிற்கவில்லை.

தேவிகுளத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். மலையாளி, ஆனால் தோட்டத் தொழிலாளிகளின் வழக்குகளை நடத்தியே தமிழ் பழகியவர். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். காயச் சான்றிதழின் நகலைப் படித்தார்.

"இதுல விழுந்ததுன்னு இருக்கே. டாக்டர்கிட்ட யாரு பேசினது?"

"நான்."

"நீங்க பத்திரிகைக்காரர் இல்லையா?"

"ஆமா."

அவர் தாளில் எதையோ அடிக்கோடிட்டார். பிறகு வேகமாகப் பேசினார்.

"ஊருக்குள்ள ஒத்துதீர்ப்பு வேணும்னா யூனியன்காரங்க முன்னாடி எழுதிக்கலாம். ஆனா அவரால என்ன குடுக்க முடியுமோ அதுதான் கிடைக்கும். உங்க அக்காவுக்கு வேண்டியது அது இல்ல. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல மனு போடணும். ஜீப் ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி, கூரியர் கம்பெனி மூணு பேருக்கும் நோட்டீஸ். அவர் எங்க ஆள் இல்ல, பார்ட்னர்னு கூரியர்காரங்க சொல்லுவாங்க. சொல்லட்டும், அங்க வந்து சொல்லட்டும்."

"போலீஸ் கேஸ் இல்லையே."

"அதான் முதல் வேலை. இப்பப் போய்க் குடுங்க. ஏன் இவ்ளோ நாள்னு கேப்பாங்க, காரணத்தச் சொல்லணும். எடுக்கலன்னா எஸ்.பி.க்கு எழுதலாம், அதுக்கும் மேல மஜிஸ்திரேட் கோர்ட் இருக்கு. ஆனா நேரம் இல்ல சார். சட்டத்துல ஆறு மாசம்தான் போட்டிருக்கு. தாண்டினா எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தனியா வாதாடணும். எனக்கு அதுல இஷ்டமில்ல. இன்னிக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"நூற்று இருபத்தொன்பது."

எண்ணாமலே சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர்கிட்ட அந்த வரிய மாத்தச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"மாத்த மாட்டார், மாத்தவும் கூடாது. அது அப்படியே இருக்கும். ஏன் அப்படி இருக்குன்னு நீங்கதான் சத்தியம் பண்ணி எழுதித் தரணும். அப்புறம் பார்த்தவங்க சாட்சி வேணும்." எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "வெள்ளை போர்டு வண்டி. இன்சூரன்ஸ்காரங்க முதல்ல அதத்தான் புடிப்பாங்க. காயம் பட்டவங்களுக்கு முதல்ல நீ குடு, பிறகு ஓனர்கிட்டருந்து வசூல் பண்ணிக்கோன்னு தீர்ப்பு வரலாம். கடைசியில அந்த ஜீப்காரர் தலையில விழலாம். இதச் சொல்லாம உங்க அக்காகிட்ட நான் கையெழுத்து வாங்க மாட்டேன்."

அதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். "சாட்சியப் பாரு முதல்ல," என்றாள்.

சாட்சி தேடிப் போனேன். நாற்பது பேர் நின்ற மைதானத்தில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், "நான் அப்பத்தான் என் பார்சலப் பிரிச்சிட்டிருந்தேன் தம்பி, தல நிமிரல," என்றாள். இன்னொருவர் கோயிலிலேயே இருந்ததாகச் சொன்னார். அவர் கையில் அன்று ஒரு மிக்ஸி பெட்டி இருந்தது என்று அக்காவுக்கு நினைவிருந்தது. மஸ்டர் வாசலில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி சுற்றி வளைக்கவில்லை.

"பேப்பர்ல எழுதுறவுக நீங்களே விழுந்ததுன்னு சொல்லிருக்கீக. நாங்க கையெழுத்துப் போடவே திணறுற ஆளுக. எங்க கண்ணுக்கு என்னத்தத் தெரியப் போவுது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பைக்கைக் கிளப்பினேன்.

நாட்கள் நூற்று நாற்பதைத் தாண்டின. ஒரு மத்தியானம் அறையில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதையும் படிக்கவில்லை, விரல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆர்டர்களின் பட்டியல் வந்து நின்றது. மழைக்கோட்டு. டெலிவரி செய்யப்பட்டது என்று பச்சை எழுத்தில் இருந்தது. கீழே நேரம், அதற்கும் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம். தொட்டேன். பெரிதானது.

செய்திப் படத்தைப் பார்ப்பதுபோல் மூலை மூலையாகப் பார்த்தேன். நடுவில் பழுப்பு நிறப் பெட்டி, அக்காவின் பெயர் எழுதிய சீட்டோடு. பெட்டிக்கு அடியில் பச்சை பெஞ்சு. இடப்பக்க விளிம்பில், மடியில் கிடக்கும் ஒரு கை, முழங்கை வரை புது மாவுக்கட்டு. பின்சுவரில் எக்ஸ்ரே அறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி. நேரம் மத்தியானம் ஒன்று பதினேழு. மஸ்டர் மைதானத்தில் கொடுக்க வேண்டிய பார்சலை முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கிறார், அதற்கான எண்ணை நான் சொல்லியிருக்கிறேன்.

வக்கீலம்மாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"இது அவங்க விழலன்னு சொல்லாது," என்றார். "ஆனா கூரியர்காரருக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலைன்னு கேக்க வைக்கும். அந்தப் பெட்டி இருக்கா?"

இருந்தது. அக்கா அதைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். பருவமழை முழுவதும் பழைய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே போய் வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதப் பாத்தாலே கை வலிக்குது," என்றாள்.

படத்தைக் காட்டியதும் அக்காவின் முகம் மாறியது.

"இத அவங்கிட்டக் காட்டி மிரட்டாத. போலீசுக்கும் குடுக்காத. நான் அவங்கிட்டக் கேக்கேன். நேர்ல கேட்டா சொல்லுவான்."

நூற்று ஐம்பத்து நான்காம் நாள் ஞாயிறு. ஹாரன் மூன்று முறை கேட்டதும் அக்கா இறங்கிப் போனாள். நான் பத்தடி பின்னால் போனேன். ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது. அவர் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு ஒண்ணும் வரலயே," என்றார்.

"வாங்க வரல. கேஸ் குடுக்கப் போறேன். உங்கிட்டச் சொல்லாமக் குடுக்கக் கூடாதுன்னு வந்தேன்."

கூட்டம் அடங்கியது. எல்லோரும் தங்கள் பெட்டிகளின் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"இத்தன மாசம் கழிச்சா?" என்றார் அவர். "நான் வரலயா, மருந்து வாங்கித் தரலயா? அன்னைக்கே சொல்லிருக்கலாமே."

"அன்னைக்குக் கை திரும்பாதுன்னு தெரியாது."

"வீணதான்னு சொன்னது நானாக்கா? இந்தா நிக்காரே அண்ணன், அவருதான சொன்னாரு."

"அவந்தான் சொன்னான். நானும் சொல்லச் சொன்னேன். நீயும் கெஞ்சுன. மூணு பேரும் சேந்துதான் பொய் சொன்னோம். கை மட்டும் என் கை."

அவர் கையில் இருந்த பெட்டியை ஜீப்புக்குள் திரும்ப வைத்தார். "ஜீப்பு போயிருச்சுன்னா எனக்கு என்ன இருக்கு? உங்களுக்கெல்லாம் யாரு கொண்டாந்து குடுப்பா?"

"அதான?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "ஒரு கைக்காகப் பாத்தா எங்க எல்லாருக்குமில்ல நின்னு போகும்."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "குக்கர் வாங்கப் போடி வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயிட்டு வந்தவதான நீ. இப்ப என்ன, கால் தேஞ்சிருச்சா?"

யாரோ சிரித்தார்கள். ஜீப்காரர் சிரிக்கவில்லை. பாதிப் பார்சல்களைக் கொடுக்காமலே பின்கதவைச் சாத்தினார். கிளம்பும்போது ஓர் ஆளை இறக்கிப் பின்னால் நிற்க வைத்து, அவர் கைகாட்டக் கைகாட்ட ஜீப்பைப் பின்னால் எடுத்தார். அன்றுதான் முதல்முறையாக அவர் அப்படி எடுத்ததைப் பார்த்தேன்.

"சொல்லுவான்," என்றாள் அக்கா, வீட்டுக்கு ஏறும்போது. "ஸ்டேஷன்ல கேட்டா சொல்லுவான்."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. புதன்கிழமை வக்கீலம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனபோது, என் சத்தியவாக்குமூலத்தின் கடைசித் தாளாக அந்தப் படத்தின் பிரிண்டை இணைத்திருந்தேன். அக்காவுக்குத் தெரியாது.

எஸ்.ஐ. என் தாள்களைப் படித்துவிட்டு என்னிடம்தான் முதலில் கேட்டார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். செய்திக்காக எத்தனையோ காலைகளில் அவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று உட்காரச் சொல்லவில்லை.

"அப்போ நிங்ஙள் டாக்டரோடு கள்ளம் பறஞ்ஞு?"

பொய் சொன்னீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார். அக்காவின் பக்கம் திரும்பினார்.

"எந்து பற்றி?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா இடது கையைச் சற்றே உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"ஜீப் இடிச்சதா சாரே," என்றாள். ஜீப் இடித்ததுதான். பிறகு தமிழில், எந்த இடத்தில் நின்றாள், எந்தத் தூண், ஜீப் எந்தப் பக்கமிருந்து வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்.ஐ. பின்தொடர முடியாமல் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார்.

ஜீப்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான்கு மணிக்கு வந்தார், கூரியர் கம்பெனியின் பனியனோடு. அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். எஸ்.ஐ. கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வீணதா சார். நான் உதவிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்."

அக்காவின் தலை அசைந்த இடத்திலேயே நின்றது. எஸ்.ஐ. கடைசித் தாளைத் திருப்பி மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார். மஸ்டர் மைதானத்தில் விழுந்தவரைத் தூக்கிவந்த இடத்தில் எதற்குப் பார்சலைப் படம் எடுத்தீர்கள், ஜீப் அப்போது எங்கே நின்றது, எத்தனை மணிக்கு மைதானத்துக்கு வந்தது, கூட்டத்துக்குள் எப்படித் திரும்பியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜீப்காரர் தண்ணீர் கேட்டார். குடித்தார்.

"ரிவர்ஸ் எடுத்தேன் சார். பின்னாடி பாக்கல," என்றார்.

எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள்தான், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஜீப்பை மட்டும் பரிசோதனைக்காக முற்றத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அவர் உள்ளே கிடந்த பார்சல்களை ஒரு சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அதே பஸ்ஸில்தான் நாங்களும் ஏறினோம். அவர் முன்பக்கம் நின்றார், நாங்கள் பின்பக்கம். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"குடுக்காதன்னு சொன்னேன்ல," என்றாள், இறங்கும் இடம் வருவதற்குச் சற்று முன்பு.

"குடுக்கலன்னா அவன் விழுந்ததுன்னே சொல்லிட்டுப் போயிருப்பான்."

"போயிருப்பான்." பிறகு, "படத்தக் காட்டினாத்தான் அவன் உண்மை சொல்லுவான்னு எனக்குத் தெரிஞ்சுருக்க வேணாம்," என்றாள்.

பஸ் நின்றதும் எனக்கு முன்னால் இறங்கினாள்.

நூற்று எழுபத்திரண்டாம் நாள் மனு தாக்கலானது. கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி. ஜீப் நான்கு நாளில் வெளியே வந்தது. ஆனால் கூரியர் கம்பெனி அவருடைய பார்ட்னர் எண்ணை நிறுத்திவிட்டது. அவர் இப்போது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிறார், அதுவும் வெள்ளை போர்டில்தான். இரண்டாம் டிவிஷனுக்குப் பார்சல் வருவதில்லை. லயத்து ஆட்கள் இப்போது என் அறையின் முகவரியையும் என் போன் எண்ணையும் கொடுக்கிறார்கள். சாட்சி சொல்ல வராதவர்களின் குக்கரும் செருப்பும் புடவையும் என் கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப் போகிறார்கள். கூரியர்காரருக்கு நான்தான் ஓடிபி சொல்கிறேன்.

வக்கீலம்மா பெட்டியை எல்லாப் பக்கமும் படமெடுத்து, சீட்டை வெட்டித் தன் கோப்பில் வைத்துக்கொண்ட பிறகு, அக்கா அதைப் பிரித்தாள். துலாமாத மழை, நம் ஐப்பசி மழை, ஆரம்பித்திருந்தது. இடது கையில் கத்தியைப் பிடித்து, கால்களுக்கு நடுவில் பெட்டியை இறுக்கிக்கொண்டு வெட்டினாள். உதவப் போனேன், விடவில்லை. கத்தரிப்பூ நிறக் கோட்டு வெளியே வந்தது.

"இந்தக் கலர்ல மனுசன் வாங்குவானா?" என்றாள்.

போட்டுப் பார்த்தாள். ஜிப்பை இழுக்க வலது கை வரவில்லை. இடது கையால் கீழிருந்து மேலே, இரண்டு இடத்தில் நின்று, இழுத்து முடித்தாள்.

மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம், மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் முட்டம் கோர்ட் வளாகத்தில் தீர்ப்பாயத்தின் முதல் அழைப்பு. ஜீப்காரருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. நான்கு மணி நேரப் பஸ். எந்தப் பஸ், எங்கே மாற வேண்டும், எந்தத் தாளை முதலில் எடுத்து நீட்ட வேண்டும் என்று நான் மூன்றாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தபோது அக்கா நிறுத்தினாள்.

"நீ கூட வா. ஆனா உள்ள வராத. எவனாச்சும் எந்து பற்றின்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். அதன்பின் வழக்கம்போல் எழுந்து, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.